ஈயக் கட்டியும் தங்கக் கிண்ணமும்: கப்பல் மியூசியங்கள் பற்றிச் சில குறிப்புகள்

சிதம்பரத்திலிருந்து சீர்காழி போய், அங்கே பஸ் மாறிப் பூம்புகார் போய் வருவது அரை நாள் வேலை. மாநிலத் தொல்லியல் துறை 1997இல் அங்கே கடல் அகழ்வைப்பகம் ஒன்றைத் திறந்தது. நான் இதுவரை நாலு தடவை போயிருக்கிறேன். முதல் மூன்று தடவை மற்ற எல்லாரையும் போல "கடல்கொண்ட நகரம்" பார்க்கப் போனேன். நாலாவது தடவை போனது ஈயத்துக்காக. அந்த ஈயத்தைப் பற்றியும், அதிலிருந்து ஆரம்பித்து மியூசியங்கள் மேல் எனக்கு உண்டான ஒரு வருத்தத்தைப் பற்றியும்தான் இந்தக் குறிப்பு.

பூம்புகார் கடலில், சுமார் 20 மீட்டர் ஆழத்தில், ஒரு கப்பல் உடைந்து கிடக்கிறது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். மேலே வந்த பொருள்களில் முக்கியமானவை ஈயக் கட்டிகள். நம்ம வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வந்தால் தள்ளி வையுங்கள், அது வெள்ளீயம். இது காரீயம்: கறுத்து, கையில் தூக்கினால் மணிக்கட்டு சொல்லும் கனம். சில கட்டிகளின் மேல் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற வருஷங்களும் ஆங்கிலத்தில் அச்சுக் குத்தியது போல இருக்கின்றன.

பிளாக்கெட் என்பது வடக்கு இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்து வணிகக் குடும்பம். நார்தம்பர்லாந்து மலைப்பகுதியில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்தவர்கள். அந்தச் சுரங்கத்தில் ஒருவன் குனிந்து வெட்டிய கல், உலையில் உருகி, அச்சில் வார்க்கப்பட்டு, பாதி உலகம் சுற்றிக் காவிரி வாய்க்கு எதிரே வந்து முங்கியிருக்கிறது. 1792 என்று பொறித்த கட்டி கிடைப்பதால் கப்பல் அந்த வருஷத்துக்கு முன்னால் மூழ்கியிருக்க முடியாது. இது எளிய கணக்கு. ஆனால் கப்பல் யாருடையது? சற்றுத் தெற்கே தரங்கம்பாடியில் அப்போது டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். ஈயம் இங்கிலாந்துச் சரக்கு. கப்பல் டேனிஷ்தானா, ஆங்கிலேயருடையதா என்ற கேள்வியையே வைத்து ஆய்வாளர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சரக்கு செய்தவன் பெயர் தெரியும், செய்த வருஷம் தெரியும், கப்பல் பெயர் தெரியாது.

எனக்கு இது பெரிய கதை. ஆனால் பூம்புகாருக்கு வருகிறவர்களில் இதற்காக வருகிறவர்களை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற ஒரு பையன், "அண்ணே, இது என்ன, கல்லா?" என்று கேட்டான். ஈயம் என்றேன். "அப்ப தங்கம் எங்க?" என்றான். அவன் அப்பா வந்து, "தங்கம்லாம் அவனுங்க எடுத்துட்டுப் போயிட்டானுங்கடா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். எவனுங்க என்று அவர் சொல்லவில்லை.

பழமை என்கிற தங்கம்

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. பூம்புகார் என்றால் என்ன என்று அவனுக்கு நாம் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. 1990களின் தொடக்கத்தில் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் மாதிரி ஒரு அமைப்பைக் கண்டார்கள். பத்து வருஷம் கழித்து கிரஹாம் ஹான்காக் என்கிற பிரிட்டிஷ் எழுத்தாளர் வந்து குதித்துப் பார்த்துவிட்டு, கடல்மட்டக் கணக்கை வைத்து அது 11,500 வருஷப் பழமை என்று டெலிவிஷனிலும் புத்தகத்திலும் சொன்னார். அந்தக் கடல்மட்டக் கணக்கு சொல்வது, அந்த இடம் எப்போது கடைசியாக நிலமாக இருந்தது என்பதைத்தான். அங்கே இருப்பதை மனிதன் கட்டினானா, எப்போது கட்டினான் என்பதை அது சொல்லாது. ஆனால் 11,500 என்ற எண் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வாட்ஸப்பில் சுற்றுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உறுதியான பூம்புகாரே போதுமான அளவு பழையது. கீழையூரில் 1960களின் தொடக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறையும், படகு கட்டுவதற்கான மரத்தூண்களும் கிடைத்தன. மரத்தின் காலக்கணிப்பு கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் போய் நிற்கிறது. பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையும், பளிங்கில் செதுக்கிய புத்த பாதமும் கிடைத்தன. படகு வந்து நின்ற இடம், கயிறு கட்டின தூண்: ஒரு துறைமுகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 2,300 வருஷம் நமக்குப் பத்தவில்லை, 11,500 வேண்டியிருக்கிறது. அந்தப் பையனுக்குத் தங்கம் வேண்டியிருந்தது, நமக்குப் பழமை. இரண்டும் ஒரே பசிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கக் கிண்ணம் இருக்கிற இடம்

நிஜமாகவே தங்கம் இருக்கிற கப்பல் மியூசியம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். உறவினர் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனபோது, ஆற்றங்கரையில் இருக்கும் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் தாங் கப்பல் கூடத்துக்குப் போனேன். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே 1998இல் கடலட்டை பிடிக்க முங்கிய மீனவர்கள் கண்ட கப்பல் அது. ஏறக்குறைய 60,000 பொருள்கள். பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா சூளைகளில் செய்த கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சமமான தேதி எழுதியிருக்கிறது. எட்டுப் பட்டை போட்ட தங்கக் கிண்ணம் ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் வாத்தியக்காரர்களோடு. கூட்டம் அதன் முன்னால்தான்.

கூடம் அழகு. அதை ஒத்துக்கொள்ளணும். ஒரே மாதிரிக் கிண்ணங்களை ஆயிரக்கணக்கில் அலை மாதிரி அடுக்கியிருப்பதைப் பார்த்தால், 9ஆம் நூற்றாண்டிலேயே ஏற்றுமதிக்கு என்று மொத்த உற்பத்தி நடந்தது என்பது விளக்கவுரை இல்லாமலே புரிகிறது.

ஆனால் அந்தச் சரக்கு அங்கே வந்த வழி சிக்கலானது. கடலிலிருந்து எடுத்தது ஒரு வணிகக் கம்பெனி, இந்தோனேசிய அரசின் அனுமதியோடு. பிறகு சிங்கப்பூர் 2005இல் சுமார் 32 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2011இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இதைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டபோது, லாபத்துக்காக அவசரமாகத் தோண்டியதை நாம் கௌரவிக்கக் கூடாது என்று தொல்லியலாளர்கள் எதிர்த்தார்கள். காட்சி தள்ளிப்போய்க் கடைசியில் நடக்கவில்லை. மறுபக்கத்து வாதமும் லேசானதல்ல. விட்டு வைத்திருந்தால் திருடர்கள் சில்லறையாக அள்ளியிருப்பார்கள், வாங்கியதால்தான் மொத்தமும் ஒரே இடத்தில் இருக்கிறது என்பது அது. கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலுக்கு நடந்ததைப் பார்த்தால் இந்த வாதம் புரியும். மைக்கேல் ஹாட்சர் எடுத்த அந்தச் சரக்கு 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. தேநீர்க் கோப்பைகள் வீடு வீடாகச் சிதறிவிட்டன. இனி அந்தக் கப்பலை யாராலும் திரும்பச் சேர்க்க முடியாது.

நான் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று கேட்டால், காலி பக்கம் என்பேன். இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ஆவொண்ட்ஸ்டெர் என்ற டச்சுக் கப்பலை, விற்பனைக்கு இல்லாமல், இலங்கையர்களுக்கே முங்கு ஆய்வில் பயிற்சி கொடுத்து, நிதானமாக ஆராய்ந்தார்கள். 2004 சுனாமியில் அவர்களுடைய ஆய்வுக்கூடமும் பொருள்களில் ஒரு பகுதியும் போயின. மறுபடி ஆரம்பித்தார்கள். அதே நாள் காலையில்தான் எங்கள் தேவனாம்பட்டினத்தையும் அலை அடித்தது. அதனாலோ என்னவோ, காலி மேல் எனக்கு ஒரு ஒட்டுதல்.

சிங்கப்பூர்க் கூடத்தில் என்னை உண்மையில் நிறுத்தியது தங்கமில்லை, கப்பல் கட்டிய முறை. ஆணி இல்லை. பலகைகளில் துளை போட்டுக் கயிறால் தைத்திருக்கிறார்கள். அரபுக்கடல் பாணி என்று படித்துக்கொண்டே போனபோது, எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கரையின் சலங்கு. ஆங்கிலேயர்கள் மசூலா என்றார்கள், புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் சலங்கு என்பதையே தங்கள் வாயில் திருப்பிக்கொண்டார்கள். அதுவும் தைத்த படகுதான். சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தில் ஆணி அடித்த விறைப்பான படகு தரையில் மோதினால் பிளந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும். மெட்ராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகள் பற்றி எழுதிய பெரிய கட்டுரையில் இவற்றையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார். பெலித்துங் கப்பல் மாதிரி 9ஆம் நூற்றாண்டுத் தையல் கப்பலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வியக்கிறோம். அதே நுட்பம் போன நூற்றாண்டு வரை கடலூர்க் கரையில் கூலிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைத்திருக்கிறோம்?

கடலூரில் மூழ்கியவை

இப்போது ஊருக்கு வருவோம்.

கடலூருக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டும் தூரம் வரை உள்ள கிராமங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று பெயர். கோட்டைக்கு வைத்த பெயர் செயின்ட் டேவிட். அந்தக் குண்டு நிலத்துப் பக்கம் போன கதை ஊருக்கே தெரியும். கடல் பக்கம் நடந்தது பெரும்பாலும் தெரியாது.

1749 சித்திரையில், ஐப்பசி கார்த்திகைப் புயலுக்குப் பழகிய கரையில் யாரும் எதிர்பார்க்காத பருவத்தில், ஒரு பெரும்புயல் அடித்தது. அட்மிரல் பாஸ்கவனின் கப்பற்படை அப்போது இங்கே நின்றுகொண்டிருந்தது. முந்தின வருஷம் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய படை. பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். அவருடைய கொடிக்கப்பல் நேமூர் மூழ்கியது. அதில் மட்டும் ஐநூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெம்புரோக் என்ற இன்னொரு போர்க்கப்பல் கொள்ளிடக் கழிமுகப் பக்கம் தரைதட்டி உடைந்தது. முந்நூறுக்கு மேல் சாவு, தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்போலோ என்ற மருத்துவமனைக் கப்பலும் போனது. தேவிக்கோட்டையைப் பிடிக்கத் தரைவழியே புறப்பட்டிருந்த ஆங்கிலப் படை பரங்கிப்பேட்டைப் பக்கம் முகாமிட்டிருந்தபோது அதே புயலில் மூட்டை முடிச்சையும் வண்டி மாடுகளையும் இழந்தது என்று ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார்.

ஆக, கடலூருக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஒரே புயலில், எண்ணூறுக்கு மேற்பட்ட சாவு. இது எங்கேயாவது ஒரு கல்லில், ஒரு பலகையில் எழுதியிருக்கிறதா என்று தேவனாம்பட்டினத்தில் இரண்டு சாயங்காலம் நடந்து பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. 1758இலும் 1783 ஜூன் 20லும் இதே கடலில் ஆங்கில, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. இரண்டாவது சண்டை இன்னும் விசேஷம்: ஐரோப்பாவில் அதற்கு ஐந்து மாசம் முன்னாலேயே சமாதானத்துக்கு முதல்கட்டக் கையெழுத்து ஆகிவிட்டது. சேதி வந்து சேர்வதற்குள் இங்கே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையத்தில் மீனும் நண்டும் சங்கும் பாட்டிலில் போட்டு வைத்த நல்ல காட்சிக்கூடம் இருக்கிறது. கடலில் வாழும் உயிர்களுக்கு இடம் கொடுத்தாயிற்று. கடலில் பிழைத்த மனிதர்களுக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

சிதம்பரத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சட்டென்று கேட்டார்: "வெள்ளைக்காரன் சண்டைக் கப்பலுக்கு நாம எதுக்குய்யா மண்டபம் கட்டணும்? அவன் வந்ததே பிடுங்கத்தானே?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் யோசித்தேன். என் பதில் இதுதான். நேமூருக்கு மண்டபம் வேண்டியதில்லை. ஆனால் அந்த ராத்திரியை ஞாபகம் வைத்துக்கொள்ள நமக்கு ஒரே வழி நேமூர்தான். ஏனென்றால் அதற்குக் காகிதம் இருக்கிறது. ஒரு அரசாங்கம் அதன் ஆட்களை எண்ணி வைத்திருந்தது, சம்பளம் கொடுத்தது, செத்ததைக் கணக்கு எழுதியது. அதே ராத்திரி தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் எத்தனை கட்டுமரம் போனது, எத்தனை சலங்கு போனது, மரைக்காயர்களின் சரக்குக் கப்பல் எத்தனை போனது? எண்ணூறு வெள்ளைக்காரர்களைக் கொன்ற புயல் நம் ஆட்களை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்காது. கப்பல் மியூசியங்கள் எல்லாவற்றின் மீதும் எனக்குள்ள குறை இதுதான். அவை மூழ்கிய கப்பல்களின் கதையைச் சொல்வதில்லை. காகிதம் வைத்திருந்த கப்பல்களின் கதையைச் சொல்கின்றன. காகிதம் இல்லாமல் மூழ்கியவன் இரண்டு தடவை மூழ்குகிறான்.

ஒரு கல், ஒரு மணி

இந்தக் கண்ணோட்டத்தோடு நமக்குக் கிடைத்திருப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது.

சிதம்பரம் நடராஜர் கோயிலில் 1114ஆம் வருஷக் கல்வெட்டு ஒன்று, காம்போஜ ராஜா முதலாம் குலோத்துங்கனுக்கு அதிசயமான கல் ஒன்றைக் காட்டியதாகவும், அது கோயிலில் வைக்கப்பட்டதாகவும் சொல்கிறது. காம்போஜம் என்பது கெமர் நாடு, இன்றைய கம்போடியா, என்றுதான் பலரும் கொள்கிறார்கள். கல் நடந்து வந்திருக்காது. ஏதோ ஒரு கப்பல், ஏதோ ஒரு மாலுமி, வங்கக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கணும். கல்வெட்டில் ராஜா இருக்கிறார், கல் இருக்கிறது. கப்பல் இல்லை.

மறுமுனையில் நியூசிலாந்து. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்கிற மிஷனரி, மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். அது பாத்திரமில்லை, உடைந்த மணி. அதில் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று வாசித்திருக்கிறார்கள். பெரிய மரம் ஒன்று சாய்ந்தபோது அதன் வேரடியில் கிடைத்ததாம். இன்றைக்கு வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் முதலாளியின் பெயர் பரங்கிப்பேட்டையிலோ நாகூரிலோ இன்றைக்கும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர். ஆனால் எந்தத் துறைமுகம், எந்த வருஷம், மணி அங்கே எப்படிப் போனது, ஆட்கள் என்ன ஆனார்கள், ஒன்றும் தெரியாது.

நேமூர்: ஆள் கணக்கு வரை தெரியும், நம் கையில் பொருள் ஒன்றும் இல்லை. பூம்புகார் ஈயம்: பொருள் இருக்கிறது, கப்பலின் பெயர் இல்லை. முகைதீன் பக்ஸ் மணி: பெயரும் பொருளும் இருக்கிறது, கதை இல்லை. சிதம்பரம் கல்: கதை இருக்கிறது, கப்பல் இல்லை. ஒரு நல்ல கடல் மியூசியம் இந்த நாலையும் ஒரே அறையில் வைக்கலாம். அசல் வேண்டியதில்லை, ஒரு போட்டோ, ஒரு அச்சுப் பிரதி, நாலு வரி விளக்கம் போதும். பார்க்கிறவனுக்கு "நமக்கு எதெல்லாம் தெரியாமல் போச்சு" என்பதே தெரியும். அதற்கு 32 மில்லியன் டாலர் ஆகாது.

எடைக்குப் போட்டது

இவ்வளவு பேசிவிட்டு என் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

என் தாத்தா கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். கடலூரில் பெரிய கப்பல் கரைக்கு வராது, வெளியே ஆழத்தில் நிற்கும். உப்பனாற்று மேடையிலிருந்து படகில் சரக்கை ஏற்றிக்கொண்டு, முகத்துவாரத்து மணல் திட்டைத் தாண்டிப்போய் ஏற்றணும். அவர் காலத்தில் பெரும்பாலும் மல்லாட்டை, பிறகு சேலத்து இரும்புத் தாது. முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்தது இன்றைக்கு மேடாக இருக்கும். அதைப் பார்க்க அவரிடம் கயிற்றில் கட்டிய ஒரு ஈயக் குண்டு இருந்தது. கயிற்றில் அளவுக்கு அளவு துணி முடிச்சு. குண்டின் அடியில் ஒரு குழி. அந்தக் குழியில் துணி சோப்பை அப்பி இறக்குவார். மேலே தூக்கினால் அடித்தரையின் மண் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தே, "இது திட்டுக்குத் தெக்க, இன்னும் கொஞ்சம் வடக்க ஒத்து" என்பாராம். எனக்கு இதைச் சொன்னது அப்பா. நான் பார்த்த தாத்தாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது.

அந்தக் குண்டு பல வருஷம் எங்கள் வீட்டுப் பின்கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது. காற்றில் கதவு அடிக்காமல் இருக்க அதை முட்டுக் கொடுப்போம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்து கூரையைப் பிரித்துவிட்டுப் போனது. சரிசெய்யக் காசு வேண்டும். உடைந்த தகரம், வளைந்த கம்பி, பழைய பாத்திரம் எல்லாவற்றையும் அள்ளி எடைக்குப் போட்டோம். குண்டையும் நானே என் கையால் தூக்கித் தராசில் வைத்தேன். பழைய இரும்புக்காரர் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இரும்பு இல்ல, ஈயம், தனி ரேட்டு" என்றார். நல்ல மனுஷன், ஏமாற்றவில்லை. நானும் கூடுதல் ரேட்டு கிடைத்த சந்தோஷத்தில் வந்துவிட்டேன். அம்மா மட்டும், "அது உங்க தாத்தாதுல்ல?" என்றாள். "கதவுக்குக் கல்லு வச்சிக்கலாம்மா" என்றேன்.

நாலு வருஷம் கழித்து, பூம்புகார் ஈயக் கட்டிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையை ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பிளாக்கெட் வார்த்த ஈயத்துக்காக நூறு பக்கம் தேடிப் படிக்கிறவன், தாத்தாவின் ஈயத்தைக் கிலோ கணக்கில் விற்றிருக்கிறேன். அதன் மேல் பெயர் எதுவும் பொறிக்கவில்லை, வருஷம் பொறிக்கவில்லை. அதனால்தான் அது எனக்கு மியூசியப் பொருளாகத் தெரியவில்லை. காகிதம் இல்லாதவனை மியூசியங்கள் மறக்கின்றன என்று மேலே குறை சொன்னேன். அதே வேலையை எங்கள் வீட்டுப் பின்வாசலில் நானே செய்திருக்கிறேன். "தங்கம் எங்க?" என்று கேட்ட பையனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

என்ன செய்யலாம்

கடலூரில் கடல் மியூசியம் வேண்டும் என்று பேசும்போது ஆட்கள் உடனே கற்பனை செய்வது, நேமூரைத் தேடி முங்கி, பீரங்கியைத் தூக்கி வருவதை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஐநூறு பேருக்கு மேல் செத்த இடம் அது, கல்லறை மாதிரி. கடலடிப் பாரம்பரியம் பற்றிய 2001 யுனெஸ்கோ உடன்படிக்கையும், முடிந்தவரை கிடக்கும் இடத்திலேயே விடுவதையும் விற்பனைக்கு எடுக்காமல் இருப்பதையும்தான் முதலில் வைக்கிறது. விட்டுவிடுவோம்.

அவசரமாக எடுக்க வேண்டியது தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. ஓ.டி.யிலும் பரங்கிப்பேட்டையிலும் சரக்குப் படகில் வேலை பார்த்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். எந்தக் கோபுரத்தையும் எந்தப் பனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முகத்துவாரம் நேராக வரும், எந்த மாசம் திட்டு எங்கே போகும், கயிற்றில் எத்தனை முடிச்சு, எந்த மண்ணுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கிறது. மூழ்கிக்கொண்டிருக்கிற கப்பல் அதுதான். நேமூர் இன்னும் முந்நூறு வருஷம் அங்கேயே கிடக்கும். இவர்கள் கிடக்க மாட்டார்கள்.

போன தை மாசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை ஐந்து பேர். அதில் ஒரு பெரியவர், தாத்தாவோடு ஒரே படகில் இருந்தவர், குண்டு எங்கே என்று என்னிடம் கேட்டார். "வித்துட்டேன் பெரியப்பா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அது எங்க மேஸ்திரி ஊத்திக் குடுத்தது, மூணு குண்டு ஊத்துனாரு, இன்னொன்னு என்கிட்ட இருக்கு" என்று உள்ளே போய்த் தேட ஆரம்பித்தார். அன்றைக்குக் கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், பரணில், கோழிக் கூண்டுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தோம். அடுத்த வாரம் மறுபடி போகணும்.

உங்கள் வீட்டில் துறைமுக ரசீதோ, படகுக் கணக்கு நோட்டோ, பெயர் தெரியாத ஈயமோ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். பின்னால் யாருடையது, எதற்கு வைத்திருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். போட்டோவைவிட அந்த இரண்டு வரிதான் முக்கியம்.